அட்டைக்குப் பின்னால் வேப்பிலை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறில் ஒன்றுகூட சோடை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது முழுக்க நான் பயந்து செத்த கதை. அதைக் கேட்டுவிட்டு யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் வயதொத்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். தை மாதம் சேலத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று. சொந்தக்காரர்களைப் பெரிய ஹோட்டலில் தங்க வைத்திருந்தார்கள். நடையில் வரிசையாகக் கதவுகள். ஒரு கதவுப் பக்கம் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அதென்ன சாமி?" என்று பேத்தியிடம் கேட்டேன்.

"உள்ள இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு அர்த்தம், அப்பத்தா. முன்ன எல்லாம் அட்டை தொங்கவிடுவாங்களாம்."

எனக்குத் தெரியாதா அந்த அட்டை? அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண் தானாகத் தரையைத்தான் தேடியது. இலை ஏதாவது கிடக்கிறதா என்று.

நான் சிறுமியாக இருந்த காலத்தில் சேலத்தில் ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. ஜவ்வரிசியில் காசு பார்த்த ஒரு முதலாளி கட்டியது. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருக்கும், ஜனங்களுக்கு அது லிஃப்ட் ஓட்டல். கூண்டு மாதிரி இரும்புக் கதவு போட்ட லிஃப்ட். அதன் கதவை இழுத்துச் சாத்தினால் மூன்று மாடிக்கும் கேட்கும். லிஃப்டைப் பார்ப்பதற்கென்றே ஆத்தூர்ப் பக்கமிருந்து ஜனங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசலில் நிற்பார்கள்.

உள்ளே வந்து தங்குகிறவர்களுக்கு என்னென்ன செய்து வைத்திருந்தார்கள் என்கிறீர்கள்! கொசுவலை கட்டிய கட்டில், உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிற ஸ்பிரிங் மெத்தை, மேஜையில் மைக்கூடு, ஐஸ் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க், காகிதம் சுற்றிய சின்னச் சோப்பு, தேங்காய்ப்பூத் துண்டு. மாடி நடை முழுக்கச் சிவப்புக் கம்பளம். கோடையில் ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மேல்மாடி மூலை அறையில் மட்டும் ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி. ஆள் நீளத்துக்குப் படுக்கலாம். எந்த வேளை கேட்டாலும் வெந்நீர்.

அந்த வெந்நீர்தான் என் அம்மா.

அப்பா லாரி ஓட்டினவர். வடக்கே லோடு ஏற்றிப் போனார், லாரி மட்டும் திரும்பி வந்தது. பங்காளிகள் எங்களை வைத்துக்கொள்ளவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தோட்டங்காட்டிலிருந்து அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சேலம் வந்து, இந்த ஹோட்டலின் பின்கட்டில் பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலையில் சேர்ந்தாள். எனக்கு ஒன்பது வயதிருக்கும், தம்பிக்கு ஆறு. பாய்லரை ஒட்டிய தகரக் கொட்டகைதான் வீடு. அம்மாவுக்குப் பெயரே வெந்நிக்காரம்மா என்று ஆகிவிட்டது. நான் துண்டு மடிப்பேன், சோப்புக்குக் காகிதம் சுற்றுவேன்.

மேல்மாடிக்குக் குழாயில் வெந்நீர் ஏறாது. அம்மாதான் பின்பக்கத்து இரும்புச் சுருள்படியில் வாளி வாளியாகத் தூக்குவாள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குளியலறைக்கும் பின்னால் ஒரு கதவு உண்டு. கழுவுகிறவர்களும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் அந்த வழியாக வந்து அந்த வழியாகவே போக வேண்டும். எங்கள் முகம் விருந்தாளி கண்ணில் படக் கூடாது.

தொட்டி உள்ள மூலை அறையை மேட்டூர்க் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் மாதக் கணக்கில் எடுத்து வைத்திருந்தார். எப்போதாவதுதான் வருவார். தன் காகிதங்களை யாரும் தொடக் கூடாதென்று, ஊரில் இல்லாத நாளிலும் கதவுப் பிடியில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுத்தான் போவார். அட்டை விஷயத்தில் மேனேஜர் கறாரானவர். "அட்டை தொங்கினால் தட்டுவது இருக்கட்டும், அந்தக் கதவுப் பக்கம் தும்மக்கூடக் கூடாது" என்பார். அப்படியே நடந்தது. அந்த அறை எப்போதும் சாத்தியே கிடந்தது.

பங்குனி கழிந்து சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலையில் தம்பி எழவில்லை. தொட்டால் பாய்லர் மாதிரி சுட்டான். மறுநாள் நெஞ்சில் முத்து முத்தாகக் கண்டது.

அம்மா சட்டையைக் கழற்றிப் பார்த்தாள், மறுபடி போட்டுவிட்டாள். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். போன கோடையில் பாத்திரம் தேய்க்கிறவளின் குழந்தைக்கு அம்மை வார்த்தது. முறைப்படி பின்கட்டு வாசலில் வேப்பிலை கட்டினாள். மதியத்துக்குள் விருந்தாளிகள் பாதிப்பேர் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். சாயந்திரம் அவளும் மூட்டையோடு வெளியே நின்றாள். இந்தச் சித்திரையிலோ நாமக்கல் பக்கத்து லாரி முதலாளி வீட்டு மாப்பிள்ளை வகையறா மேல்மாடியில் வந்து இறங்கப்போகிறார்கள் என்று மேனேஜர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டார் அம்மை கண்ட இடத்தில் கால் வைப்பார்களா?

வேப்பிலை கட்டினால் வேலை போகும். கட்டாமல் அம்மனை மதிக்காமல் விட்டால் பிள்ளை போவான். அம்மாவுக்கு இரண்டுமே நிச்சயம். போக்கிடம் ஒன்று இருந்தால் போயிருப்பாள். இருந்த கொட்டகையோ சூளை. குளிர்ச்சியாக வைக்க வேண்டிய பிள்ளையைப் பாய்லர் பக்கத்தில் எப்படிப் போடுவது? அதோடு தண்ணீருக்கு நாளெல்லாம் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

உச்சி வெயிலில், எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில், அம்மா தம்பியை ஈரத் துணியில் சுற்றி, வெந்நீர் கொண்டுபோகிற மாதிரி சுருள்படி ஏறினாள். நான் காலி வாளியோடு பின்னால் போனேன். குளியலறைப் பின்கதவு வழியாக மூலை அறைக்குள் நுழைந்தோம். ஸ்பிரிங் மெத்தையில் வேப்பிலையைப் பரப்பித் தம்பியைப் படுக்க வைத்தாள்.

"அம்மா, இங்கெ வரலாமா?" என்றேன்.

"வெளிய அட்டை தொங்குதல்லோ. அது என்ன, நம்ம வேப்பலையாட்டந்தான். தொங்குனா ஆரும் உள்ள வரமாட்டாங்க. அவுங்களுக்கு அட்டை, நமக்கு வேப்பலை."

அம்மா இதைச் சிரிக்காமல் சொன்னாள். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் அம்மனுக்கு அட்டை போதுமா என்ற சந்தேகம் அவளுக்கே வந்திருக்க வேண்டும். ஒரு வேப்பங்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "முன்னால போயி அந்த அட்டைக்குப் பின்னால, ஆருக்கும் தெரியாம, சொருவிட்டு வா. வாசல்ல அடையாளம் இல்லாம ஆத்தாளை உள்ள வெக்கப்படாது" என்றாள்.

சொருகினேன். வெளியே பார்த்தால் அட்டை. திருப்பினால் வேப்பிலை.

அம்மை கண்ட பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அதட்டக் கூடாது, உங்களுக்குத் தெரியுமே. ஆறு வயதுப் பொடியனை அம்மா வாங்க போங்க என்று பேசினாள். "ஆத்தா, எளநி குடிங்க. கண்ணு மூடுங்க. கோவிச்சுக்காம எறங்கிப் போங்க." காய்ச்சல் ஏறும்போது அவன் மின்விசிறியைப் பார்த்துக் கழுகு கழுகு என்று அலறுவான். அலறல் நடைக்குக் கேட்டுவிடுமோ என்று அம்மா தேங்காய்ப்பூத் துண்டை நனைத்து அவன் வாயோரம் பிடித்துக்கொண்டே அழுவாள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் அவனுக்குத் தன் பலம் தெரிந்துவிட்டது.

"ஆத்தாளுக்கு பிஸ்கோத்து வேணுமாம்" என்பான்.

அம்மா கும்பிட்டுக்கொண்டே போய் பிஸ்கோத்து கொண்டுவருவாள். எனக்கு அவனைக் கிள்ள வேண்டும்போல இருக்கும். கிள்ளினால் அம்மனைக் கிள்ளின மாதிரி.

என் வேலைதான் எல்லாவற்றிலும் கொடுமை. வெயில் கொளுத்திய அந்த நாட்களில் கொத்து சீக்கிரமே காய்ந்துபோகும். காற்றடித்தால் இலை உதிரும். சிவப்புக் கம்பளத்தில் பச்சை இலை. மாடியில் எங்கே மரம் இருக்கிறது? துண்டு அடுக்குகிற சாக்கில் நான் நடையிலேயே சுற்றி, விழுந்த இலையை விழுந்த கையோடு பொறுக்கிப் பாவாடை மடிப்பில் சொருகிக்கொள்வேன். கீழே லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மடித்த துண்டுகளை முகம் மறைகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். வருவது மேனேஜரா, மேட்டூர்க்காரரா? ஒவ்வொரு தடவையும் அதே பயம். சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவில்தான் மாப்பிள்ளை வகையறா வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு முன்பே துணி நகை எடுக்க வேண்டுமென்று மேல்மாடியில் மூலை அறை தவிர அத்தனையையும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரி. கம்பளத்தில் செருப்போடு நடக்கக் கூச்சப்பட்டுச் செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பாள். அதனால் அவள் வருகிற சத்தமே கேட்காது.

அப்படித்தான் அகப்பட்டேன். குனிந்து ஓர் இலையை எடுத்து நிமிர்ந்தால் எதிரே நிற்கிறாள்.

"ஏ அம்முணி, கையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததையா இத்தனை இறுக்கிப் புடிச்சிருக்கற?"

என் மூடின கையைத் தூக்கி முகர்ந்தாள். நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். நேராக மூலை அறைக்குப் போய் அட்டையைத் திருப்பினாள்.

என் உயிர் அப்போதே போய்விட்டது. மூட்டை கட்டுவது, வெயில் தெரு, தம்பி அம்மாவின் தோளில், எல்லாம் கண்ணெதிரே ஓடியது.

அவள் கையிலிருந்த செருப்பைத் தூர வைத்தாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"ஆருக்கு?"

"தம்பிக்குங்க."

"தண்ணி வாத்தாச்சா?"

"இன்னம் இல்லீங்க. முத்து இப்பத்தான் காயுதுங்க."

"ஆத்தாளையே ஒளிச்சு வெச்சிருக்கறீங்களா? உங்கொம்மாளுக்கு நெஞ்சழுத்தம் ரொம்ப எச்சுத்தான்." கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்பட பையன் கல்யாணத்துக்கு முன்னால அவளாத்தானே வந்திருக்கறா? வந்தவளைப் போன்னு சொல்ல நான் ஆரு?" அட்டையைப் பழையபடி திருப்பிவிட்டாள்.

அன்று மாலை அவள் மேனேஜரைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டாள். மேல்மாடிக்கு வருகிற சாப்பாட்டில் தாளிப்பு கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. கறி, மீன் வாசமே வரக் கூடாது. சென்ட் பூசக் கூடாது. அம்மை கண்ட வீட்டில் நாம் காக்கிற அத்தனையும் அந்த மாடிக்கு வந்துவிட்டது. காரணம் மட்டும் அவள் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கம்மா, கல்யாணத்துக்கு வந்து கஞ்சி குடிக்கறதா?"

"குடி. மூஞ்சி பளபளன்னு இருக்கும்."

மேனேஜர் பின்கட்டுக்கு வந்து சமையல்காரரிடம் அதிசயப்பட்டார். "இத்தனை லாரி ஓடுது, சாப்பாட்டைப் பாருங்க. பெரிய மனுஷங்க பெரிய மனுஷங்கதான்." அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே தலையை நிமிர்த்தவில்லை.

முத்துகள் காய்ந்து பக்குவிட்டன. தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் வந்தது. இந்தத் தண்ணீரை அடுப்பில் வைக்கக் கூடாது. வெயிலில்தான் சூடேற வேண்டும். ஊருக்கெல்லாம் வெந்நீர் போட்டவள் அன்று மொட்டைமாடியில், துண்டுகள் காய்கிற கொடிக்கு அடியில், அண்டாக்களில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வைத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். ஆனால் எங்கள் வீட்டு அம்மன் வேறு சொன்னாள்.

"ஆத்தாளுக்குத் தொட்டியில படுத்துக் குளிக்கோணுமாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அண்டா அண்டாவாகத் தூக்கித் தொட்டியை நிரப்பினோம். வெள்ளைத் தொட்டி மஞ்சள் குளமானது. நான் போய்ச் சொல்லியிருந்தபடி மாப்பிள்ளையின் அம்மா குளியலறைப் பின்கதவு வழியாக வந்தாள். பட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "பெரியவங்க ஒருத்தி ஊத்தோணுமல்லோ" என்று சொம்பை வாங்கி அவளே முதல் தண்ணீரைத் தம்பி தலையில் ஊற்றினாள். அவன் வேப்பிலைகளுக்கு நடுவே ராஜா மாதிரி கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சிரித்தான். இத்தனை நாளில் அம்மா அழாமல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் நடையில் மேனேஜரின் குரல்: "வாங்க சார், சொல்லியனுப்பியிருந்தா ரூமைத் துடைச்சு வெச்சிருப்பேன்." மேட்டூர்க்காரர்.

சாவி துவாரத்துக்குள் நுழைந்தது. அம்மா தம்பியை அப்படியே அள்ளி நெஞ்சோடு சேர்த்தாள். மஞ்சள் தண்ணீர் அவள்மேல் வழிந்தது. ஓடலாம் என்றால் படியில் பாதி தூரம்கூடப் போக முடியாது.

மாப்பிள்ளையின் அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அறையைக் கடந்து போய்க் கதவை அவளே ஒருக்களித்துத் திறந்தாள்.

"ஏனுங்க, சித்தெ பொறுங்க. பொண்டு புள்ளைங்க குளிக்கறோம்."

கதவிடுக்கில் நான் பார்த்தேன். மேனேஜரின் கண் அவளுடைய பட்டுச் சேலைக்கும், முழங்கைவரை மஞ்சள் சொட்டுகிற கைக்கும் போயிற்று. அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"அடடா, கல்யாண நலங்கு! மாப்பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டா? தொட்டிக்காகப் பின்வழியா வந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா. சார், தப்பா நினைச்சுக்காதீங்க. முகூர்த்தக் காரியம். கீழே வந்து ஒரு காபி சாப்பிடுங்க."

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேட்டூர்க்காரர் கதவுப் பிடியிலிருந்த அட்டையைக் கழற்றினார். காய்ந்த கொத்து அவர் காலடியில் உதிர்ந்தது. அதைப் பார்த்தார். அவரும் காவிரிக்கரைக்காரர்தானே, தெரியாமலா இருக்கும்? குனிந்து எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டு லிஃப்டுக்கு நடந்தார். அடுத்த மாதம் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். தொட்டி கறைபட்டது என்றா, விஷயம் தெரிந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மிச்சத் தண்ணிய எம்பட ரூமுல ஊத்திக்கலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா தம்பியைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றித் தன் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணம் முடிந்து அவர்கள் கிளம்புகிறவரை அவன் அங்கேதான் இருந்தான்.

கேட்கிறவர்களே, இப்போது யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அம்மாவும் யோசிக்கவில்லை, அந்தம்மாவும் யோசிக்கவில்லை. ஒட்டுவாரொட்டி நோயை ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே வைத்திருந்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து அவர்கள் லாரி டிரைவர் ஒருவர் பின்கட்டுக்கு வந்து ஒரு கூடை நுங்கு இறக்கினார். "புதுமாப்பிள்ளைக்கு அம்மை வாத்து எறங்கிருச்சுங்க. 'தண்ணி ஊத்துனது நானு, எங்கூட்டுக்கு வராம எங்க போவா'ன்னு மொதலாளியம்மா சொல்லச் சொன்னாங்க" என்றார். அம்மா அந்தக் கூடையைத் தொடவேயில்லை. என் ஆறு பிள்ளைகளில் யாருக்குக் கண்டபோதும் நான் ஒளிக்கவில்லை. வைத்தியரிடமும் காட்டினேன், வேப்பிலையும் கட்டினேன்.

தொட்டியில் மஞ்சள் கறை போகவேயில்லை. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆனால் மேனேஜர் கெட்டிக்காரர். காலியான மூலை அறையைக் கல்யாணக்காரர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார். மாப்பிள்ளை மஞ்சள் நீராடுகிற தொட்டி என்று பேர் பரவியது. பள்ளிபாளையம், ராசிபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, "அந்த மஞ்சத் தொட்டி ரூம் இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அதை நிரப்ப ஆள் வேண்டுமல்லவா? அம்மாவின் வேலை அவள் கை ஓய்கிறவரை நிலைத்தது. அந்தத் தண்ணீரில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். தொட்டி எப்படி மஞ்சளானது என்று அம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை. மேனேஜர் தெரியாமலேயே செத்துப்போனார்.

பிற்பாடு புது லாட்ஜுகள் வந்தன, முதலாளியின் பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள். லிஃப்ட் துருப்பிடித்து நடுவில் நின்றது. ஹோட்டல் ஜவுளிக்கடையாகி, அதுவும் இடிந்து, இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். தொட்டி எங்கே போனதோ.

தம்பி இருக்கிறான். லாரி ஆபீஸ் வைத்து, பிறகு அதை விட்டு, இப்போது கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கிறான். மூக்கில் அந்த ஒரு தழும்பு. சின்னதில் கட்டிலிலிருந்து விழுந்ததாம், எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறான். தொட்டியில் கால் நீட்டிப் படுத்ததையும் நான் கட்டிவிட்ட கதை என்கிறான். நேற்றுகூட வாசலில் காற்றில் வந்து விழுந்த ஒரு வேப்பிலையை நான் எடுத்து மடியில் சொருகியதைப் பார்த்துச் சிரித்தான்.

எழுதியாயிற்றா சாமி? எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படி. சின்னத்தாத்தாவுக்குக் காது மந்தம், அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. அந்த இலை உதிர்கிற இடம் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள். மேனேஜர் காதில் விழப்போகிறது.